மைசாட்சி என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்

அம்மாவின் எவர்சில்வர் குண்டான் ஒன்று சில மாதங்களுக்கு முன்னால் என் கையால் பாழானது. அடியில் பிசின் உருகி ஒட்டி, மஞ்சள் கண்ணாடி மாதிரி இறுகிவிட்டது. புளி போட்டுத் தேய்த்தேன், சாம்பல் போட்டுத் தேய்த்தேன், சோடா உப்புப் போட்டுக் கொதிக்கவும் வைத்தேன். அசையவில்லை. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "உங்க நைனா இருந்திருந்தா மோந்து பாத்தே சொல்லியிருப்பாரு, இது அது இல்லன்னு" என்றாள்.

அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. முப்பத்தைந்து வருஷம் நாட்டு மருந்துக் கடை நடத்தியவரின் மகள், கையில் இருப்பது எந்தச் சரக்கு என்று பார்க்காமல் அடுப்பில் ஏற்றியிருக்கிறேன். கடைக்காரர் மேல் தப்பு சொல்ல முடியாது. நான் "குங்கிலியம் கால் கிலோ" என்று கேட்டேன். அவர் குங்கிலியம்தான் கொடுத்தார். எனக்கு வேண்டியிருந்தது குக்குலு, மைசாட்சி என்றும் சொல்லும் வேறொரு மரத்துப் பிசின். நம் பக்கத்தில் இரண்டுக்கும் பெயர் குங்கிலியம்தான். இதை நான் உட்கார்ந்து எழுதுவதே அதற்காகத்தான். இன்னொரு வீட்டில் இன்னொரு குண்டான் போகக்கூடாது. குண்டானாவது பரவாயில்லை, மாற்றுச் சரக்கு ஒருவர் வயிற்றுக்குள் போய்விடக்கூடாது.

முதலில் எதற்காகக் குக்குலு தேடினேன் என்று சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு 72 வயது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் தம்பி வேலைக்குப் போகும் வரை வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றினாள். முறம் மடியில், கால்கள் மடக்கினபடி, காலையில் உட்கார்ந்தால் பொழுது சாயும்போதுதான் எழுந்திருப்பாள். அந்த உழைப்பெல்லாம் இப்போது முட்டியில் வந்து நிற்கிறது. காட்பாடியில் எங்கள் வீடு மாடியில். மொத்தம் 22 படி. ஒவ்வொரு படிக்கும் சுவரைப் பிடித்து நின்று மூச்சு விட்டுத்தான் ஏறுவாள்.

ஒரு சித்த மருத்துவரிடம் கூட்டிப் போனேன். வயதான பெண்மணி, பொறுமையாகக் கேட்பவர். முட்டியை அழுத்திப் பார்த்து, நாடி பார்த்து, அப்புறம் அம்மா சாப்பிடும் மாத்திரை அட்டைகளை எல்லாம் மேசை மேல் பரப்பச் சொன்னார். தைராய்டு மாத்திரையைத் தனியாக எடுத்து வைத்தார். "திரிபலா குக்குலு கொடுக்கலாம். ஆனா குக்குலுக்குத் தைராய்டைக் கிளப்பி விடுற குணம் உண்டு. அதனால கொஞ்சமா ஆரம்பிப்போம், ஆறு வாரத்துல ரத்தம் பாத்துடுங்க" என்றார். நைனா கடையில் இதே திரிபலா குக்குலுவை வீட்டிலேயே செய்வார் என்று நான் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. "செய்முறை ஞாபகம் இருந்தா செஞ்சு எடுத்துட்டு வாங்க, பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் கடைக்கு ஓடினேன்.

நைனாவின் கடை குடியாத்தம் பஜாரில் இருந்தது. அப்போது இது வட ஆற்காடு மாவட்டம். பில் புக்கில் 'குடியாத்தம், வ.ஆ.' என்றுதான் அச்சடித்திருக்கும். அவர் உட்காரும் பலகைக்குப் பின்னால் சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மர இழுப்பறைகள். சுக்கு, திப்பிலி, கடுக்காய், சித்தரத்தை, வசம்பு, அதிமதுரம் எல்லாம் அதில் அடங்கிவிடும். பிசின்களுக்கு மட்டும் இழுப்பறை கிடையாது, பீங்கான் ஜாடிதான். சித்திரை மாதத்து வெயிலில் குக்குலு இளகி மரப் பலகையில் ஒட்டிக்கொள்ளும், பிறகு பெயர்க்கவே முடியாது. வேலூர் வெயிலைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஜாடிகள் நான்கு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எனக்கு அவர் வைக்கும் விளையாட்டு, கண்ணை மூடிக்கொண்டு எந்த ஜாடி என்று சொல்வது.

முதல் ஜாடி வெள்ளைக் குங்கிலியம். சால் மரத்துப் பிசின், வட இந்தியக் காடுகளிலிருந்து வருவது. கையில் எடுத்தால் கற்கண்டு மாதிரி இருக்கும், நகத்தால் தட்டினால் கண்ணாடிச் சில்லு போல உடையும். சும்மா முகர்ந்தால் வாசனை அதிகம் தெரியாது, தணலில் போட்டால்தான் எழும். இரண்டாவது மைசாட்சி. அதுதான் குக்குலு, குக்கில், மைசாட்சிக் குங்கிலியம் என்று எல்லாப் பெயராலும் அழைக்கப்படுவது. கறுப்பும் செம்பழுப்புமாக, பட்டைத் துணுக்கும் மண்ணும் ஒட்டி, அழுக்கு உருண்டை மாதிரி இருக்கும். பார்க்க அழகே கிடையாது. விரலில் கொஞ்ச நேரம் வைத்துப் பிசைந்தால் இளகி ஒட்டும், அப்போது ஒரு கசந்த, கனத்த மணம் வரும். மூன்றாவது பறங்கிச் சாம்பிராணி, குந்துருக்கம் என்றும் சொல்வார்கள். வெளிர் மஞ்சள் துளிகள், முகர்ந்தால் எலுமிச்சைத் தோல் ஞாபகம் வரும். நான்காவது கட்டிச் சாம்பிராணி, கடல் தாண்டிச் சுமத்திராப் பக்கத்திலிருந்து வருவது, இனிப்பு மணம்.

வந்தவர்கள் பாதிப் பேர் "குங்கிலியம் கொடுங்க" என்றுதான் கேட்பார்கள். நைனா எடுத்துக் கொடுத்துவிட மாட்டார். "எதுக்கும்மா?" என்று கேட்பார். வெள்ளிக்கிழமை புகைக்கு என்றால் ஒன்று. வெள்ளைபடுதல், நீர்க்கடுப்புக்குப் பற்பம் (பஸ்பம்) செய்ய என்றால் வெள்ளைக் குங்கிலியம், அதை இளநீரில் சுத்தி செய்ய, அதாவது சுத்தப்படுத்த வேண்டும் என்றும் சொல்லி அனுப்புவார். வாதம், மூட்டுவலி, உடம்பு பருமன் என்றால் மைசாட்சி. கேட்டவர் கர்ப்பிணி என்று தெரிந்தால் மைசாட்சி ஜாடியைத் தொடவே மாட்டார், எவ்வளவு கேட்டாலும் சரி. வைகாசி பிறப்புக்குக் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வரும்போது கடையில் நிற்க இடம் இருக்காது, மூட்டை மூட்டையாகப் புகைச் சரக்கு போகும். அந்தக் கூட்டத்திலும் அந்த "எதுக்கும்மா" மட்டும் நிற்காது.

பேரணாம்பட்டிலிருந்து ஒரு ஹக்கீம் பாய் மாதம் ஒரு முறை சரக்கு எடுக்க வருவார். அவருக்கு அது குக்குலுவும் இல்லை, மைசாட்சியும் இல்லை, முக்கில். யுனானியில் அப்படித்தான் பெயர். மூலத்துக்கு இத்ரீஃபல் முக்கில் என்று ஒரு லேகியம் கிண்டுவார். ஒரு தடவை நைனா உருண்டையை எடுத்து நீட்டியபோது, அதைக் கடையின் விளக்கு முன்னால் பிடித்துப் பார்த்து, கொஞ்சம் கிள்ளி வெந்நீர் டம்ளரில் போட்டு, என்னைக் கூப்பிட்டார். "பாப்பா, இங்க பாரு. பால் மாதிரி கலங்குதா? கலங்கினா நல்ல முக்கில். அடியில மண்ணாட்டம் நின்னா உங்க அப்பாவை யாரோ ஏமாத்திட்டாங்கன்னு அர்த்தம்." அன்று டம்ளர் வெள்ளையாகக் கலங்கியது. நைனா சிரித்த சிரிப்பு இன்னும் கண்ணில் இருக்கிறது.

மைசாட்சி என்ற பெயருக்கு அவர் சொன்ன விளக்கமும் ஞாபகம் இருக்கிறது. மகிஷம் என்றால் எருமை, அட்சம் என்றால் கண். எருமைக் கண் மாதிரி கருத்துப் பளபளப்பது மகிஷாட்சம், அதுதான் நம் வாயில் மைசாட்சி ஆனது. பழைய ஆயுர்வேத நூல்களில் குக்குலு நிறத்தால் ஐந்து வகை. மகிஷாட்சமும் மகாநீலமும் யானைக்கு, குமுதமும் பத்மமும் குதிரைக்கு, பொன்னிறமானது மனிதருக்கு. மகிஷாட்சத்தையும் மனிதருக்குக் கொடுக்கலாம் என்று சிலர் சொல்வதுண்டு. யானை மருந்தை மனிதருக்கும் தருகிறோமே என்று எனக்கு அந்த வயதில் ஒரே ஆச்சரியம். அதே நூல்களில் இன்னொன்றும் உண்டு. நாவல்பழ நிறத்தில் பிசுபிசுப்போடு இருக்கும் புதுக் குக்குலு உடம்பைத் தேற்றும், பழையது உடம்பில் சேர்ந்த கொழுப்பைச் சுரண்டி எடுக்கும். அதனால் வாங்கும்போது சரக்கு எத்தனை நாள் ஆனது என்றும் நைனா விசாரிப்பார்.

இவ்வளவும் தெரிந்தவள்தான் "குங்கிலியம் கால் கிலோ" என்று கேட்டேன். கண்ணாடிச் சில்லு மாதிரி இருந்ததைப் பார்த்தும் மனதில் உறைக்கவில்லை. வேலை முடிந்து வந்த அவசரம், செய்து முடித்துவிட வேண்டும் என்ற ஆசை. திரிபலாக் கஷாயத்தில் துணிப் பொட்டலமாகக் கட்டித் தொங்கவிட்டேன். ஒரு மணி நேரம் கொதித்தும் கஷாயம் கலங்கவே இல்லை. சால் பிசின் தண்ணீரில் கரையாது, எத்தனை மணி நேரம் கொதிக்க வைத்தாலும் கரையாது. முடிச்சு தளர்ந்து பொட்டலம் அடியில் இறங்கியது. அடியில் சூடு பட்டு உருகி அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

அடுத்த தடவை பெயரைத் தெளிவாகச் சொன்னேன். மைசாட்சி, குக்குலு, மூட்டுவலிக்கு. கடைக்காரர் உள்ளே போய் வேறொரு டப்பா எடுத்து வந்தார். அங்கேயே ஒரு துணுக்கைக் கேட்டு வாங்கி விரலில் பிசைந்தேன், இளகியது. வீட்டுக்கு வந்து மூன்று சோதனையும் செய்தேன். மாடி வெயிலில் வைத்தது உருகி வழிந்தது. தீயில் காட்டியது பற்றி எரிந்தது. வெந்நீரில் போட்டது பால் மாதிரி கலங்கியது. அம்மாவைக் கூப்பிட்டு டம்ளரைக் காட்டினேன். குனிந்து முகர்ந்தாள். "ஆங், இதான்" என்றாள்.

சுத்தி செய்வதை நைனா செய்த மாதிரியே செய்தேன். திரிபலாவுக்குக் கடுக்காய், தான்றிக்காய், நெல்லிவற்றல். கடுக்காயை உடைத்துக் கொட்டையை எடுத்துவிட வேண்டும். இஞ்சிக்குப் புறணி நஞ்சு, கடுக்காய்க்கு அகணி நஞ்சு என்பது கடையில் நான் முதலில் கற்ற பாடம். மூன்றையும் ஒன்றிரண்டாக இடித்து இரவே ஊறவைத்து, காலையில் பாதியாகச் சுண்டும் வரை காய்ச்சி வடிகட்டினேன். குக்குலுவைச் சின்னத் துண்டுகளாக உடைத்து, கண்ணுக்குத் தெரிந்த கல், பட்டை எல்லாம் பொறுக்கி, பழைய வேட்டித் துணியில் முடிந்தேன். வேறொரு குண்டானின் வாய்க்குக் குறுக்கே ஒரு குச்சி, அதிலிருந்து பொட்டலம் கஷாயத்துக்குள் தொங்க வேண்டும். அடியில் படக்கூடாது. இந்தத் தடவை முடிச்சை இரண்டு முறை போட்டேன்.

கொதி வந்து கால் மணி நேரத்தில் பொட்டலத்தைச் சுற்றி முதலில் ஒரு வெளுப்பு இறங்கியது, புகை மாதிரி. கருப்புக் கஷாயத்துக்குள் அது சுருள் சுருளாகப் போனது. பிறகு மொத்தமும் மாறிப் பால் ஊற்றிய காப்பி நிறத்துக்கு வந்தது. நடுநடுவே கரண்டியால் பொட்டலத்தைக் குண்டானின் விளிம்பில் வைத்து அழுத்தினேன். வீடு முழுக்க அந்த மணம். கசப்பும் தைலமும் பழைய மரப்பெட்டியும் சேர்ந்த மாதிரி. அம்மா ஹாலில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து வந்து வாசற்படியில் நின்றுகொண்டாள், ஒன்றும் பேசவில்லை.

கரைய வேண்டியது கரைந்தபின் பொட்டலத்தைப் பிரித்துக் காயவைத்து நிறுத்துப் பார்த்தேன். 250 கிராமில் 110 கிராம் கழிவு. பட்டை, மணல், இரண்டு சின்னக் கல், எந்த மரத்துடையதென்று தெரியாத ரப்பர் போன்ற ஒரு பிசின். நைனா காலத்தில் கால் பங்குதான் கழிவு போகும் என்று அம்மா சொல்கிறாள். விலை ஏற ஏறக் கலப்படமும் ஏறிவிட்டது. சுத்தி செய்யாமல் அப்படியே தூளாக்கி விழுங்கினால் இந்த மண்ணும் கல்லும்தான் உள்ளே போகும். வயிற்றெரிச்சலும் தோல் தடிப்பும் வரும் என்று நைனா எச்சரிப்பார். இணையத்தில் 'அப்படியே வெந்நீரில் கலந்து குடியுங்கள்' என்று சொல்கிற வீடியோக்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்குகிறது.

வடிகட்டிய கஷாயத்தைச் சிறு தீயில் கிண்டிக் கிண்டிப் பாகு பதத்துக்கு இறக்கினேன். நெய் தடவிய தட்டில் ஊற்றி, மெல்லிய துணி மூடி, மாடியில் நான்கு நாள் காயவைத்தேன். அப்புறம் உரல். திரிபலாத் தூளும் திப்பிலித் தூளும் சேர்த்து, உலக்கை நுனியில் நெய் தொட்டுத் தொட்டு இடிக்க வேண்டும். எவ்வளவுக்கு எவ்வளவு இடி விழுகிறதோ அவ்வளவுக்கு மருந்துக்கு வீரியம் என்பார்கள். லட்சம் இடி என்று கணக்குச் சொல்கிறவர்களும் உண்டு. எங்கள் வீட்டில் நூறு இடிக்கு ஒரு தரம் நெய். நைனா இடிப்பார், நான் எண்ணுவேன், நூறு வந்ததும் அம்மா நெய்க்கிண்ணத்தை நீட்டுவாள். இந்தத் தடவை நான் இடித்தேன், அம்மா எண்ணினாள். எழுபதிலிருந்து நேராகத் தொண்ணூறுக்குத் தாவிவிட்டு, என் கை வலிக்கக்கூடாதென்றுதான் தாவினேன் என்று பிறகு ஒப்புக்கொண்டாள். சொரசொரப்பாகக் கிடந்தது மெள்ள மெள்ள மெழுகு மாதிரி ஒன்றுகூடி, உலக்கையோடு எழும்பி வந்தது. அதுதான் பதம். கொண்டைக்கடலை அளவுக்கு உருட்டினோம்.

மருத்துவர் ஒரு மாத்திரையைக் கிள்ளிப் பார்த்து, முகர்ந்து, நாக்கில் வைத்துப் பார்த்தார். எவ்வளவு, எப்போது என்று எழுதிக் கொடுத்தார். அந்த அளவை இங்கே நான் எழுதப்போவதில்லை. அது என் அம்மாவின் உடம்புக்கு, அவள் சாப்பிடும் மற்ற மாத்திரைகளுக்குப் பார்த்துச் சொன்னது. ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் புரோப்ரனலால், டில்டியாசெம் மாதிரி மருந்துகள் உடம்பில் சேரும் அளவைக் குக்குலு குறைத்துவிடும் என்றும் அவர்தான் சொன்னார். ஆங்கில மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள் என்றார். சொன்னோம்.

குக்குலுவைப் பற்றி அறிவியல் என்ன சொல்கிறது என்று அலுவலகத்தில் ஒரு தோழி கேட்டாள். நானும் தேடிப் படித்தேன். பழங்கால ஆயுர்வேத ஆசிரியர் சுசுருதர் பருமன் நோயைப் பற்றிச் சொன்ன இடத்தில் குக்குலு வருகிறது. அதைப் பிடித்துக்கொண்டு 1966-இல் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் ஜி. வி. சத்தியவதி தன் ஆய்வில், கொழுப்பு ஏற்றிய முயல்களுக்குக் குக்குலு கொடுத்துப் பார்த்தார். ரத்தக் கொழுப்பு குறைந்தது. அதிலிருந்து லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் குக்குலிப்பிட் என்ற மருந்தை உருவாக்கி, 1980-களில் அது கடைக்கும் வந்தது. ஒரு சுலோகத்திலிருந்து ஒரு பெண் ஆராய்ச்சிக்கூடம் வரை நடந்த வழி அது, எனக்கு அதில் பெருமைதான். ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2003-இல் அமெரிக்காவில் 103 பேருக்கு எட்டு வாரம் கொடுத்துப் பார்த்தபோது, கெட்ட கொழுப்பு குறையவில்லை, கொஞ்சம் கூடவே செய்தது. ஆறு பேருக்குத் தோலில் தடிப்பும் வந்தது. அதனால் கொழுப்பு மாத்திரையை நிறுத்திவிட்டுக் குக்குலு சாப்பிடலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில், வேண்டாம். நைனாவும் ரத்தக் கொழுப்புக்கு என்று யாருக்கும் கொடுத்து நான் பார்த்ததில்லை. வாதத்துக்கும் பருமனுக்கும்தான் கொடுப்பார்.

அம்மாவுக்கு எப்படி இருக்கிறது என்றால், முதல் வாரம் வயிறு கொஞ்சம் இளகியது. அளவைக் குறைத்ததும் சரியானது. இரண்டு மாதத்தில் காலையில் எழுந்ததும் இருக்கும் பிடிப்பு நன்றாகக் குறைந்திருக்கிறது. படியேறும்போது நடுவில் ஒரு தரம்தான் நிற்கிறாள். இதே இரண்டு மாதத்தில் தரையில் உட்காருவதையும் விட்டுவிட்டாள், முட்டிக்குத் தினமும் தைலம் தேய்க்கிறோம், அதையும் சொல்ல வேண்டும். எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. ரத்தப் பரிசோதனையில் தைராய்டு அளவு மாறவில்லை.

தேடிப் படித்ததில் என்னை மிகவும் உலுக்கியது இன்னொரு விஷயம். குக்குலு நம் பக்கத்து மரம் இல்லை. ராஜஸ்தானிலும் குஜராத்தின் கட்ச் பகுதியிலும், பாகிஸ்தானின் சிந்துவிலும் வறண்ட பாறை நிலத்தில் வளரும் முள்மரம். ஆள் உயரம், மிஞ்சினால் இன்னும் கொஞ்சம். மெதுவாகத்தான் வளரும். கீறிப் பிசின் எடுக்கும் பருவத்துக்கு வர எட்டுப் பத்து வருஷம் ஆகும். குளிர்காலத்தில் பட்டையைக் கீறினால் பிசின் வடிந்து உறையும். அளவோடு கீறினால் மரம் பிழைக்கும். சீக்கிரம் நிறைய வரட்டும் என்று கீறலில் ரசாயனம் தடவுகிறார்கள். அந்த வருஷம் கொட்டிக் கொடுத்துவிட்டு மரம் பட்டுப்போகிறது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் இது இப்போது மிகவும் அருகிவிட்ட இனம். அதற்கடுத்த படி காட்டில் இல்லாமலே போவதுதான். என் அம்மாவின் டப்பாவில் இருக்கும் மாத்திரைக்காக அங்கே ஒரு மரம் செத்திருக்கலாம் என்று நினைத்தால் மனசு கனக்கிறது. இனி வாங்கினால் கால் கிலோ வாங்க மாட்டேன், மருத்துவர் சொன்ன அளவுக்கு மட்டும்தான்.

குக்குலு மரத்தின் படத்தைப் போனில் அம்மாவுக்குக் காட்டினேன். முள், மும்மூன்றாக இலை, காகிதம் மாதிரி உரியும் பட்டை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தவள், "இது நம்ம வேலிக் கிளுவை மாதிரி இல்ல இருக்குது" என்றாள். அம்மா சொன்னது சரி. நம் ஊர் முள்கிளுவையும் குக்குலுவும் ஒரே குடும்பத்து மரங்கள். இயேசு பிறந்தபோது ஞானிகள் கொண்டு வந்ததாகச் சொல்லும் வெள்ளைப்போளமும் அதே குடும்பம்தான். அம்மா பிறந்த ஊரில் கொல்லையைச் சுற்றிக் கிளுவை வேலிதான். மழைக்கு முன்னால் குச்சியை வெட்டி நட்டால் போதும், வேர் பிடித்துக்கொள்ளும், வெள்ளாடு தழையைத் தின்னும். இப்போது அங்கே கல்கால் நட்டுக் கம்பி இழுத்திருக்கிறார்கள். குக்குலுவையும் அதே மாதிரி குச்சி நட்டே வளர்க்கிறார்கள் என்று படித்ததைச் சொன்னேன். "அப்ப நம்ம ஊர் வெயிலுக்கு வராதா?" என்று கேட்டாள். எனக்கும் அந்தக் கேள்வி மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

குண்டான் கதையைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அது மூன்று வாரம் மாடியில் கவிழ்ந்து கிடந்தது. ஒரு நாள் அம்மாவுக்குத் திடீரென்று ஞாபகம் வந்தது. "குங்கிலிய வெண்ணெய்க்கு நைனா எண்ணெயிலதான உருக்குவாரு? தண்ணியில வராதது எண்ணெயில வரும்" என்றாள். குண்டானில் கொஞ்சம் நல்லெண்ணெய் ஊற்றிச் சிறு தீயில் வைத்தேன். பத்து நிமிஷத்தில் அந்தக் கண்ணாடி விளிம்பிலிருந்து இளக ஆரம்பித்து, மொத்தமும் எண்ணெயோடு கலந்து வந்துவிட்டது. அதில் கஷாயக் கசடும் இருந்ததால் கொட்டிவிட்டு, சீயக்காய் போட்டுத் தேய்த்தேன். குண்டான் பளிச்சென்று வந்துவிட்டது.

அந்தக் கால் கிலோவில் மீதி நூறு கிராம் வெள்ளைக் குங்கிலியம் டப்பாவில் இருந்தது. அதைத் தூளாக்கி, அதே குண்டானில் நல்லெண்ணெயோடு உருக்கி, துணியில் வடிகட்டி, அகலப் பாத்திரத்தில் இருந்த தண்ணீரில் ஊற்றினேன். ஊற்றியதும் தேன் நிறத்தில் திரிந்து மிதந்தது. கையை விட்டு அலசி அலசிக் கடைந்தேன். தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி புதுத் தண்ணீர், மறுபடி கடைதல். ஐந்தாவது தண்ணீரில் மஞ்சள் போய் வெளுக்க ஆரம்பித்தது. பன்னிரண்டாவது தண்ணீரில் பசும்பாலில் எடுத்த வெண்ணெய் மாதிரி உப்பி, விரல்களுக்கு நடுவே குளிர்ச்சியாக வழுக்கியது. அம்மா நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தை என் மடியில் தூக்கி வைத்தாள். பித்தவெடிப்பு ஒவ்வொன்றிலும் தடவினேன். "குளுகுளுன்னு இருக்குதும்மா" என்றாள். மிச்சத்தைச் சின்னப் பீங்கான் ஜாடியில் போட்டு, மேலே 'வெள்ளைக் குங்கிலியம்' என்று சீட்டு எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன்.